மீட்டருக்கு எயார் பைப்பு புடிச்சா காஸ் குறையுமா?

களுவாஞ்சிகுடிப் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிரிக்கா. அவட பேரும் தம்பி வேலை செய்யுற நாடும் போட வேணாம் எண்டு கேட்டிரிக்கா, அதால ரெண்டும் போடல. கடிதத்துல முக்கியமான துண்டு இதுதான்:

"சேர், என்ட தம்பி எலக்ட்ரீசியன். டெக்னிக்கல் காலேஜ் முடிச்சிட்டு சம்மாந்துறைல ஒரு அரிசி மில்லுல நாலு வருஷம் வேலை செஞ்சான். இப்ப எட்டு மாசமா வெளிநாட்டுல நிலத்துக்குக் கீழ நிலக்கரி வெட்டுற மைன்ல மெயின்டனன்ஸ் வேலை. போன கிழமை கோல் எடுத்தவன் சிரிச்சிச் சிரிச்சி ஒரு கதை சொன்னான். கரி வெட்டுற மெஷின்ல காஸ் மீட்டர் ஒண்டு இரிக்காம், அது ஒரு ஷிப்டுக்கு ஏழெட்டுத் தரம் கரண்ட கட் பண்ணுதாம். போர்மன் சொல்லி இவன் எயார் பைப்ப இழுத்து அந்த மீட்டருக்கு மேல காத்தடிக்கிற மாதிரி கட்டி விட்டானாம், இப்ப மெஷின் நிக்கிறதே இல்லயாம், போர்மன் கெட்டிக்காரன் எண்டு முதுகுல தட்டினாராம். எனக்கு அது சரியாப் படல. இன்னொண்டு, கீழ போகக்குள்ள போன், கைக்கடிகாரம், லைட்டர் எல்லாத்தையும் வாங்கி வச்சிருவாங்களாம். உண்மையிலயே போனால மைன் வெடிக்குமா, இல்லாட்டி உள்ளுக்க நடக்கிறத வீடியோ எடுத்திருவாங்க எண்ட பயமா? அம்மாவுக்கு இதொண்டும் தெரியா. சொல்லுறதா வேணாமா?"

தங்கச்சி, உங்களுக்குச் சரியாப் படல எண்டது சரியாத்தான் பட்டிரிக்கு. நான் வெளிநாட்டு நிலக்கரி மைன்கள்ல பதினெட்டு வருஷம் எலக்ட்ரிக்கல் பக்கம் இருந்துட்டு இப்ப மட்டக்களப்புல வீட்டோட இரிக்கிறவன், நம்மட நாட்டுல நிலக்கரி மைன் ஒண்டும் இல்ல, போகல எண்ட ஊர்லயும் கஹட்டகஹ பக்கமும் கிராபைட் சுரங்கம்தான் இரிக்கு, நொரச்சோலை கரண்ட் ஸ்டேஷனுக்கு வேண்டிய கரி கப்பல்ல வாறது, அதால இப்பிடி ஒரு கதையக் கேட்டா இது சின்ன விஷயமா பெரிய விஷயமா எண்டு பக்கத்து வீட்டுல விசாரிக்கக்கூட ஆள் இல்ல. இது பெரிய விஷயம். உங்கட தம்பி செஞ்சதுதான் அந்த மைன்ல செய்யக்கூடியதுலயே மோசமான வேலைகள்ல ஒண்டு, ஆனா அவன் கெட்டவன் இல்ல, யாரும் அவனுக்கு ஏன் எண்டு சொல்லிக் குடுக்கல, அவ்வளவுதான்.

முதல்ல அந்த போன் கதைய முடிச்சிருவம். போன் குண்டு மாதிரி வெடிக்கும் எண்டு இல்ல. நிலக்கரில இருந்து வாற காஸ் மீதேன், நம்மட வாவில சுரிக்குள்ள கால் வச்சா குமிழ் குமிழா மேல வருதே, அதுலயும் பெரும் பங்கு அதுதான். மணம் இல்ல, நிறம் இல்ல. சரியான அளவுல காத்தோட கலந்தா அத பத்த வைக்க 0.28 மில்லிஜூல் சக்தி போதும். பனிக்காலத்துல நைலோன் சட்டையக் கழட்டக்குள்ள சடசட எண்டு ஒரு பொறி வருமே, அப்பிடி ஒரு பொறியே அதுக்குத் தாராளம். போன் பட்டரி, கடிகாரத்துப் பட்டரி, டோர்ச்சு சுவிட்ச் எல்லாம் இந்த அளவத் தாண்டலாம். மைனுக்குள்ள கொண்டு போற லைட், ரேடியோ, மீட்டர் எல்லாம் உள்ளுக்க வயர் அறுந்து சோர்ட்டானாலும் காஸ பத்த வைக்கிற அளவு பொறி வராத மாதிரி சேர்க்கிட்டயே கட்டுப்படுத்திச் செஞ்சது. கடைல வாங்கின போன் அப்பிடிச் செஞ்சது இல்ல. வீடியோ எடுத்திருவான் எண்ட பயமும் சில முதலாளிமாருக்கு இரிக்கும்தான், நான் இல்ல எண்டு சொல்ல மாட்டன், ஆனா சட்டம் வந்தது அதுக்காக இல்ல. வாசல்ல வச்சி உடம்பத் தடவிப் பார்த்து லைட்டர எடுக்கிற மைனுல வேலை செய்யுறான் எண்டா அதுல ஒரு நிம்மதி உங்களுக்கு.

இப்ப மீட்டர்.

மீதேன் காத்துல 5 வீதத்துல இருந்து 15 வீதம் வரைக்கும் இரிந்தா வெடிக்கும். 5க்குக் கீழ எரியக் காஸ் காணா, 15க்கு மேல ஒக்சிசன் காணா. ஒம்பதரை வீதத்துக்குக் கிட்டத்தான் அடி படுமோசமா இரிக்கும். 15க்கு மேல எண்டா தப்பிச்சம் எண்டு நினைக்க வேணாம், புதுக்காத்து வந்து கலக்கக் கலக்க அது திரும்ப இறங்கி வெடிக்கிற அளவுக்குள்ளதான் வரும். அப்ப 5 எண்டா ஏன் மீட்டர் அவ்வளவு கீழயே கரண்ட கட் பண்ணுது எண்டு தம்பி கேப்பான், நானும் முதல் வருஷம் கேட்டன். இந்தியாவுலயும் ஆஸ்திரேலியாவுலயும் 1.25 வீதத்துல கரண்ட் போகணும், அமெரிக்காவுல கரி வெட்டுற மெஷின் மீட்டர் 1 வீதத்துல எச்சரிக்கை குடுக்கணும், 2 வீதத்துல மெஷின் தானா நிக்கணும். என்ன காரணம் எண்டா மீட்டர் மைன் முழுக்க இரிக்கிற காஸ அளக்கிறது இல்ல தங்கச்சி, தன்ட மூக்குக்கு முன்னுக்கு இரிக்கிற காத்த மட்டும்தான் அளக்குது. மீட்டர் இரிக்கிற இடத்துல ஒண்டேகால் எண்டா அதுக்கு ரெண்டு மீட்டர் தள்ளி, மெஷின்ட வெட்டுற பல்லு கரில உராயுற இடத்துல, இல்லாட்டி கூரைல ஒரு குழிக்குள்ள, அஞ்சு ஆறு இரிக்கலாம். மீதேன் காத்த விடப் பாரம் குறைவு, காத்தோட்டம் மெதுவா இரிந்தா கூரையோட ஒட்டி மெல்லிசா ஒரு படையா ஓடும், ஆள் நிக்கிற உயரத்துல புடிச்சிப் பார்த்தா ஒண்டும் காட்டா. 2021 கடைசில நம்மட வீடுகள்ல காஸ் சிலிண்டர் கதை நடந்தப்ப கதவத் திறங்க, காஸ் நிலத்தோட கிடக்கும் எண்டு எல்லாரும் சொன்னாங்களே, அது சமையல் காஸ், பாரம் கூட. இது அதுக்குத் தலைகீழ், தலைக்கு மேல நிக்கும்.

உங்கட தம்பி செஞ்சது என்ன எண்டா அந்த மூக்குக்கு முன்னுக்குச் சுத்தக் காத்த ஊதி விட்டான். பைப்புல வாற காத்தத்தான் மீட்டர் சொல்லிட்டு இரிக்கு. வெட்டுற இடத்துல காஸ் அப்பிடியேதான், இன்னும் கூடியும் இரிக்கும், ஏனெண்டா முதல் மெஷின் நிண்டு நிண்டு வேலை நடந்ததால காத்து வந்து கழுவ நேரம் கிடைச்சது, இப்ப அதுவும் இல்ல. ஒரு ஷிப்டுக்கு ஏழெட்டுத் தரம் கட் ஆகுது எண்டா அது மீட்டர்ட பிழை இல்ல, மைன் என்னமோ சொல்லுது. காத்து காணா, காத்தக் கொண்டு போற திரைச்சீலையோ குழாயோ வெட்டுற முகத்துல இருந்து தூரமாப் போயிட்டுது, இல்லாட்டி ஓட்டுறவன் கட்டுக்கு மிஞ்சி வேகமா வெட்டுறான், இல்லாட்டி கரிய வெட்ட முதலே துளை போட்டு காஸ உறிஞ்சி எடுக்கிற வேலைய யாரோ மிச்சம் புடிச்சிட்டாங்க. இதுகள்ல ஒண்டச் சரி செஞ்சா மீட்டர் தானா வாய மூடும்.

இது நம்மட தம்பிமார் மட்டும் செய்யுற கூத்தும் இல்ல. அமெரிக்காவுல மேற்கு வர்ஜினியாவுல அப்பர் பிக் பிராஞ்ச் மைன் 2010 ஏப்ரல் 5 வெடிச்சி 29 பேர் செத்தாங்க, அதுக்கு முந்தி அந்த மைன்ல ஒரு மெஷின் தொடர்ந்து ஓட மீதேன் மீட்டர்ட வயர மாத்தச் சொன்னதா மேலதிகாரி ஒருத்தர் மறுகா கோர்ட்டுல ஒத்துக்கிட்டாரு. அதே வருஷம் நவம்பர் 19 நியூசிலாந்துல பைக் ரிவர், அங்கயும் 29 பேர், அங்கயும் மீட்டர பைபாஸ் பண்ணின கதைகள் விசாரணைக் கமிஷன் அறிக்கைல வந்திச்சி. மெயின் காத்தாடியவே மைனுக்கு உள்ளுக்க வச்சிரிந்தாங்க, வெடிச்சதோட காத்தாடியும் போயிட்டுது.

அமெரிக்க மைன்ல பொறி எங்க இருந்து வந்த எண்டு பார்த்தா எலக்ட்ரிக் இல்ல. வெட்டுற பல்லு தேஞ்சி கிடந்திரிக்கு, அது மணற்கல்லுல உராஞ்சி சூடாகிரிக்கு, சூட்டுக்கு மேல அடிக்க வேண்டிய தண்ணி ஸ்ப்ரே சிலது கழண்டு போய்க் கிடந்திரிக்கு. கத்தி தீட்டுற சாணைல பொறி பறக்கிறத நம்ம ஊருச் சந்தைல பார்த்திரிப்பீங்க, அது மாதிரி, ஆனா அங்க பயம் பறக்கிற பொறியால இல்ல, உராஞ்ச இடத்துல கல்லுல செக்கச்செவேல் எண்டு ஒரு கோடு கிடக்கும், அதுதான் காஸ பத்த வைக்கும். அதால கூர்ப் பல்லும் தண்ணியும் முக்கியம். தம்பி மெக்கானிக் இல்ல எண்டாலும் ஷிப்ட் தொடங்கக்குள்ள நொசில் எல்லாம் அடிக்குதா எண்டு ஒருக்காப் பார்க்க ஏலும் தானே.

ஆனா காஸ் மட்டும் வெடிச்சா அது ஒரு இடத்தோட முடியுற கதை. ஆக்களக் கூட்டம் கூட்டமாக் கொல்லுறது தூசி. தம்பி அரிசி மில்லுல இரிந்தவன் எண்டதால இது அவனுக்கு வெள்ளனவே விளங்கும், எலிவேட்டர் அடில தவிட்டுத் தூசி விரல் மொத்தத்துக்குப் படிஞ்சி கிடக்கும், கிடக்கக்குள்ள ஒண்டும் செய்யா, நெருப்புக்குச்சி போட்டாலும் மெல்லமாப் புகையும். அத வாரிக் காத்துல எறிஞ்சி நெருப்பக் காட்டினா தெரியும். மைன்லயும் அதேதான், எங்கயோ ஒரு மூலைல கொஞ்சம் காஸ் புஸ் எண்டு பத்தினா அந்தக் காத்தடி சுவர்லயும் நிலத்துலயும் கிடக்கிற கரித்தூசியக் கிளப்பி விடும், பின்னால வாற நெருப்பு அதத் திண்டு இன்னும் பெரிய காத்தடியக் கிளப்பும், அது முன்னுக்குப் போய் இன்னும் தூசியக் கிளப்பும், இப்பிடியே கிலோமீட்டர் கணக்கா ஓடும். பிரான்ஸ்ல கூரியேர் மைன்ல 1906 மார்ச் 10 ஆம் திகதி இப்பிடித் தூசி ஓடித்தான் 1,099 பேர் ஒரே நாள்ல போனாங்க.

இதுக்கு மருந்து கேட்டா சிரிப்பீங்க, சுண்ணாம்புக்கல்லு மாவு. கரி படியுற இடமெல்லாம் அத அடிச்சி வைப்பாங்க, சுவர், கூரை, நிலம் எல்லாம் புதுசா வெள்ளையடிச்ச வீடு மாதிரி இரிக்கும். காத்தடி வந்தா கரித்தூசியோட இதுவும் சேர்ந்து கிளம்பும், எரியாத மாவு நெருப்புட சூட்டக் குடிச்சி அத அணைச்சிரும். அமெரிக்கச் சட்டத்துல இப்ப அந்தத் தூசிக் கலவைல 80 வீதம் எரியாத பொருளா இரிக்கணும். ஒருக்கா அடிச்சிட்டு விட்டா காணா, கரித்தூசி ஒவ்வொரு ஷிப்டும் மேல மேல படியும், திரும்பத் திரும்ப அடிக்கணும், கம்பெனி மிச்சம் புடிக்கத் தொடங்கினா முதல்ல கை வைக்கிறது இதுலதான். இதோட சில மைன்கள்ல கூரைல தண்ணித் தொட்டிய வரிசையாத் தூக்கி வச்சிரிப்பாங்க, பார்க்க மாட்டுக்குத் தண்ணி வைக்கிற தொட்டி மாதிரி. வெடிச்சா காத்தடி நெருப்புக்கு முன்னுக்கு வாறதால அது தொட்டியக் கவிழ்த்து உடைச்சிரும், நெருப்பு வந்து சேரக்குள்ள அங்க தண்ணி மழை மாதிரிப் பரவி நிக்கும். கரண்ட் வேணாம், சுவிட்ச் வேணாம். எனக்கு மைன்ல ஆகலும் விருப்பமான சாமான் அதுதான்.

இனித் தம்பிட சொந்த வேலைக்கு வாறன், இதுலதான் நான் கொஞ்சம் நீட்டிக் கதைக்கப் போறன், கோவிக்க வேணாம், இந்தப் பகுதிய அப்பிடியே அவனுக்கு அனுப்புங்க.

தம்பி, நீ அங்க திறக்கிற ஸ்டார்ட்டர் பெட்டி, மோட்டர் டெர்மினல் பெட்டி எல்லாம் பாரமான இரும்பா, பெரிய பெரிய போல்ட்டோட இரிக்கும். காஸ் உள்ளுக்க போகாம இரிக்கத்தான் அப்பிடிச் செஞ்சிரிக்கு எண்டு நீ நினைச்சிட்டு இரிப்பா, மில்லுல இரிந்து வாற எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கிற. இல்ல. காஸ் உள்ளுக்க போகும். உள்ளுக்க கொன்டாக்டர் எண்ட சுவிட்ச் அடிக்கிற பொறில அது பெட்டிக்குள்ளயே வெடிக்கவும் செய்யும். பெட்டிட வேலை அந்த வெடிய உடையாமத் தாங்குறது, மூடிக்கும் உடம்புக்கும் இடைல இரிக்கிற அந்த மெல்லிய இடுக்கால நெருப்பு வெளிய வாறதுக்குள்ள இரும்பு அதுட சூட்டப் புடுங்கி எடுக்குறது, வெளிய வாறது வெறும் புகைதான். இங்கிலாந்து விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி 1815ல மைன் விளக்கச் சுத்தி கம்பி வலை போட்டுச் செஞ்சதும் இதே விஷயம்தான், இருநூறு வருஷம் பழசு. இப்ப சொல்லு, நேரம் போகுது எண்டு பதினாறு போல்ட்டுல ஒண்ட விட்டா என்ன நடக்கும்? அந்த இடத்துல இடுக்கு விரிஞ்சிரும். மூடி இறுகிக் கிடக்கு எண்டு ஸ்க்ரூட்ரைவர விட்டு நெம்பினா அந்த முகத்துல ஒரு கீறல் விழும், அந்தக் கீறலுக்கால நெருப்பு வெளிய வரும். தண்ணி வருது எண்டு பெயின்ட அடிக்கிறது, ஏதோ கெஸ்கட் வெட்டிப் போடுறது, மில்லுல இதெல்லாம் கெட்டிக்காரத்தனம், அங்க இல்ல. மூடின பிறகு ஃபீலர் கேஜ், இடுக்கு அளக்கிற மெல்லிய தகடு, விட்டுச் சுத்திவரப் பார்க்கணும், கேபிள் போற வாய் இறுக்கமா இரிக்கணும், பாவிக்காத ஓட்டைக்கு அதுக்கெண்டு செஞ்ச அடைப்பான் போடணும், துணியோ டேப்போ இல்ல.

நானும் இதுல சுத்தமானவன் இல்ல. சேர்ந்து ரெண்டாம் வருஷம் நைட் ஷிப்ட் முடியுற நேரம், ஒரு போல்ட் கைல இருந்து கரிக்குள்ள விழுந்து காணாமப் போயிட்டுது, காலைல வாறவன் போடுவான் எண்டு விட்டுட்டு மேல வந்து குளிச்சிட்டு நிக்கிறன், அந்த மைன்ல கீழ வேலைய மேற்பார்க்கிற வயசான ஓவர்மன் ஒருத்தர் என்ன ஈரத் தலையோட திரும்பக் கூட்டிட்டுப் போய், அந்த செக்ஷன் கரண்ட அறுத்து, நான் போல்ட் போடுமட்டும் பக்கத்துல ஒரு வார்த்தை கதைக்காம நிண்டாரு. ஏசியிரிந்தா மறந்திரிப்பன்.

சூடும் பார்க்கணும். கரித்தூசி படியக்கூடிய சாமான்ட மேல்பக்கம் 150 டிகிரியத் தாண்டக் கூடா எண்டுதான் மைன் சாமான்கள டிசைன் பண்ணுற, அதால மோட்டருக்கு மேல, பெட்டிக்கு மேல, கன்வேயர் உருளைக்கு அடில தூசி குவிஞ்சி கிடக்க விடாத, அது போர்வை மாதிரிச் சூட்டப் புடிச்சி வைக்கும். சுத்தாம இறுகிக் கிடக்கிற உருளைல பெல்ட் உராஞ்சாலும் அதே கதை. இங்கிலாந்துல கிரெஸ்வெல் மைன்ல 1950ல பெல்ட் நெருப்புப் புடிச்சி 80 பேர் போன பிறகுதான் பத்தாத பெல்ட் வந்த. பெட்டி திறக்க முதல் பின்னுக்குப் போய் கரண்ட அறுத்து, பூட்டுப் போட்டு, சாவிய உன்ட பொக்கட்டுல வச்சி, அந்த இடத்துல, கூரையையும் சேர்த்து, காஸ் பார்த்து, மறுகாத்தான் ஸ்பானர். சிக்னலுக்குப் பெல் அடிக்கிற சின்ன வயர்தானே எண்டு அதயும் கரண்டோட தொடாத. வேல்ஸ்ல செங்கெனித் மைன்ல 1913ல 439 பேர் செத்த வெடிக்கு அந்தப் பெல் வயர்ப் பொறிலதான் சந்தேகம் விழுந்த, அதுக்குப் பிறகு செஞ்ச ஆராய்ச்சிலதான் பொறி குறைச்ச சேர்க்கிட்டே பிறந்த.

தங்கச்சி, இன்னொண்டு கேளுங்க அவன்கிட்ட. இடுப்புல ஒரு டப்பா கொழுவியிரிப்பான், மூச்சு விடுற சாமான். மைன் வெடிச்சா, இல்லாட்டி பத்தினா, நெருப்புல போறவங்கள விட மறுகா வாற கார்பன் மொனொக்சைட் புகைல போறவங்கதான் எத்தினையோ தரம் கூட. துருக்கில சோமா மைன்ல 2014 மே 13, 301 பேர், பெரும்பாலும் அந்தப் புகை. டப்பாவக் கண்ண மூடிட்டுத் திறந்து வாய்ல போடப் பழகியிரிக்கானா? போட்டா உள்ளுக்க வாற காத்து சூடா, தொண்டை காயுற மாதிரி இரிக்கும், பழுதாப் போச்சு எண்டு கழட்டி எறிஞ்சி செத்தவங்க இரிக்காங்க. சூடா வாறது எண்டா அது வேலை செய்யுது எண்டு அர்த்தம்.

இப்ப என்ன செய்யுற. போர்மனோட சண்டை புடிக்கச் சொல்ல மாட்டன், கடன் பட்டு ஏஜென்சிக்குக் காசு கட்டிப் போன பொடியன், அவன்ட நிலம எனக்குத் தெரியும். அடுத்த ஷிப்டுல அந்தப் பைப்பக் கழட்டட்டும், அது அவன் கட்டினது, அவனே கழட்டலாம். மீட்டர் கட் பண்ணினா எத்தினை மணிக்கு, எவ்வளவு காட்டின எண்டு ஷிப்ட் புத்தகத்துல எழுதட்டும், காத்தோட்டத்துக்குப் பொறுப்பான ஆள்கிட்ட, போர்மன்கிட்ட இல்ல, காத்துக் காணாது எண்டு சொல்லட்டும். எழுதின சாமானுக்கு மேல இரிக்கிறவன் பதில் சொல்லணும், வாயால சொன்னதுக்கு யாரும் சொல்ல மாட்டாங்க. திரும்பக் கட்டச் சொன்னா கட்ட ஏலா எண்டு சொல்லலாம், 1995ல வந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்புட 176ம் நம்பர் மைன் பாதுகாப்பு உடன்படிக்கைல ஆபத்து எண்டு நியாயமா நினைக்கிற இடத்த விட்டு விலகுற உரிமை தொழிலாளிக்கு இரிக்கு, அந்த நாடு அதுல கையெழுத்துப் போட்டிரிக்கா எண்டு பாருங்க. அதுக்கும் மேல கரைச்சல் குடுத்தா தூதரகத்து லேபர் பகுதியும் நம்மட வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமும் இரிக்கு, ஒப்பந்தக் கொப்பிய இப்பவே அவன்கிட்ட இருந்து போட்டோ எடுத்து வாங்கி வைங்க.

அம்மா கதை. இந்த ஞாயிறு கோல் எடுத்தா சம்பளம், சாப்பாடு எல்லாத்துக்கும் முதல் ரெண்டு கேள்வி கேளுங்க. பைப்பக் கழட்டினியா? நீ நிக்கிற இடத்துல சுவர் வெள்ளையா கறுப்பா? கழட்டிட்டன், வெள்ளை எண்டு சொன்னா அம்மாவுக்கு ஒண்டும் சொல்ல வேணாம், அவ நிம்மதியாப் படுக்கட்டும். இழுத்து இழுத்துக் கதைச்சா, இல்லாட்டி கறுப்பு எண்டு சொன்னா, அப்பவே போன அம்மாட கைல குடுங்க. என்ட கடிதத்துக்கும் உங்கட பேச்சுக்கும் வராதவன் அம்மா ஒருக்கா அழுதா வருவான்.